நான் எழுதிய பாறை

மின்வாரியத்தில் லைன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இரண்டு பயம். ஒன்று, போஸ்ட் மேல் ஏறுவது. இன்னொன்று, ஏறிய பிறகு இறங்குவது. இதைக் கண்டுபிடித்த எங்கள் ஜூனியர் இன்ஜினியர், ஜே.இ., "நீ தரையிலயே இருய்யா, கரண்டுக்கும் அதான் நல்லது" என்று சொல்லி, போஸ்ட் நடும் இடங்களில் முளை அடித்து ஸ்கெட்ச் போடும் வேலையைக் கொடுத்தார்.

எழுபதுகளின் தொடக்கம். பென்னாகரம் பக்கத்தில் ஓர் ஊரில் காலனிக்கு லைட் சாங்ஷன் ஆகியிருந்தது. ஊரின் கடைசி போஸ்ட்டுக்கும் காலனிக்கும் நடுவே, ஊரில் பெரியவூட்டுக்காரர் என்று அழைக்கப்படும் பண்ணையாரின் நிலம். நான் முதல் முளையை அடிப்பதற்குள் அவர் வந்து, கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உள்ளே உட்கார வைத்துவிட்டார். களி, நாட்டுக்கோழிக் குழம்பு. மூன்றாவது உருண்டையில் விஷயத்துக்கு வந்தார்.

"அங்க லைட்டு எரிஞ்சா அவங்க பசங்க படிக்கும். அப்பறம் நம்ம காட்டு வேலைக்கு எவன் வருவான், நீங்களே சொல்லுங்க."

சொல்வதற்கு என் வாய் காலியாக இல்லை. திரும்பிப்போய் ரிப்போர்ட் எழுதினேன்: "வழியில் பாறை. குழி எடுக்க இயலாது."

அடுத்த வாரம் மாதம்மா ஆபீசுக்கு வந்தார். காலனிக்காரர், குவாரியில் ஜல்லி உடைப்பவர். கையோடு கொண்டுவந்த கடப்பாறையை ஜே.இ. முன்னால் ஊன்றி நின்றார்.

"பாறை எங்கன்னு இந்த சாரைக் காட்டச் சொல்லுங்க. ஒடச்சுக் குடுக்கறம். எங்க பொழப்பே அதானுங்க."

ஜே.இ. என்னையும் ஜீப்பில் ஏற்றினார். இடத்தைக் காட்டினேன். ஜே.இ. ஒரு சிகரெட் முடிப்பதற்குள் மாதம்மா வெட்டிய குழி முழங்கால் ஆழம் போய்விட்டது. வெறும் செம்மண். அதற்குள் படுத்துக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது.

பெரியவூட்டுக்காரர் சளைக்கவில்லை. பாறை இல்லையென்றாலும் நிலம் தன்னுடையது என்றார். தடுக்கப் பத்துப் பேரைக் கூட்டி வந்திருந்தார். எல்லாரும் அவர் சாதிதான், ஆனால் பாதிப் பேர் வேட்டி மாதம்மா சேலையைவிடக் கிழிசல். அவர்களில் ஒருவர் மாரப்பன். பக்கத்து அரை ஏக்கர் அவருடையது. பெரியவூட்டு மோட்டாரில் ஒரு தண்ணி பாய்ச்ச, பெரியவூட்டுக் காட்டில் இரண்டு நாள் உழைக்க வேண்டும். அவர் மெல்ல ஜே.இ. பக்கம் வந்தார்.

"என் வரப்பு மேல நடுங்க சார். அப்படியே என் கெணத்துக்கும் ஒரு மோட்டார் கனெக்‌ஷன் குடுத்துருங்க."

"நம்மாளு நீயி. அவங்களோட சேந்துக்கறியா?" என்றார் பெரியவூட்டுக்காரர்.

"நம்மாளுதானுங்க. மோட்டாரு மட்டும் உங்களுதாச்சே."

மாரப்பன் வரப்பில் மாதம்மாவும் காலனிப் பெண்களும் குழி வெட்டினார்கள். காலனியில் லைட் எரிந்தது. மாரப்பன் மோட்டார் ஓடிய அன்று மாதம்மா வேடிக்கை பார்க்க வந்து, தொட்டித் தண்ணீரை அள்ளக் குனிந்தார்.

"இரு இரு, நானே ஊத்தறேன்" என்று மாரப்பன் அவசரமாகச் சொம்பைத் தேடினார். தொட்டியில் அந்தம்மா கை படக்கூடாது.

மாதம்மா நிமிர்ந்து பார்த்தார். "உங்க போஸ்ட்டுக்குக் குழி வெட்டுனது இந்தக் கைதானுங்க. கரண்டு ஒண்ணும் சொல்லலையே?"

அள்ளிக் குடித்தார். மாரப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். மறுநாளும் அப்படிப் பார்த்துக்கொண்டாரா என்பது எனக்குத் தெரியாது. எனக்கு மாற்றல் வந்துவிட்டது.

பிற்காலத்தில் மற்றவர்கள் ரிப்போர்ட்டைச் சரிபார்க்கும் நாற்காலி எனக்குக் கிடைத்தது. அதிலிருந்து விழுந்துவிடுவேன் என்ற பயமில்லை. காலனிக்குப் போகும் வழியில் பாறை, பள்ளம் என்று எவன் எழுதிக்கொண்டு வந்தாலும் ஒரே கேள்விதான் கேட்பேன்:

"மத்தியானம் யார் வூட்ல சாப்ட்டே?"