ஒருவரும் பாவிக்காத தராசு

கணினியை இயக்கும் லினக்ஸ் கெர்னலின், வெளிக்கருவிகளை இணைக்கும் யூஎஸ்பி டிரைவரில் பழைய கருவிகளுக்கென்று தனித்தனியாகச் செய்து வைத்த சலுகைகள் ஒரு குப்பை மேடு. அதைச் சுருக்கி, கெர்னலைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு திருத்தம் அனுப்பினேன். ஒரேயொரு தராசு மாடல் விழித்துக்கொள்ள அரை விநாடி காத்திருக்கும் வரிகளையும் தூக்கிவிட்டேன். காரணம்: "இதை இப்போது ஒருவரும் பாவிப்பதில்லை."

நேற்று கிண்ணியாவில் நிசாம் நானாவின் மீன் கடைக் கணினியில் நான் சுருக்கிய அதே கெர்னலைப் போட்டுக் கொடுத்தேன். கணினி பறந்தது. தராசைச் செருகிப் பார்க்கத் தோன்றவில்லை.

இன்று காலை நானாவின் போன் கோல்.

"தம்பி, நீங்க வந்து போனதுக்குப் பொறகு கம்பியூட்டர் தராசக் காணுதில்ல. சனம் வரிசையில நிக்குது. சூரை மீன் வெயில்ல கிடக்குது."

ஓடிப்போய்த் தராசைக் கவிழ்த்துப் பார்த்தேன். நான் வரிகளை அழித்த அதே மாடல்.

பழைய கெர்னலுக்கு மாற்றியதும் தராசு விழித்தது. நடந்ததைச் சொன்னேன்.

"ஒருத்தரும் பாவிக்கிறதில்ல எண்டா எழுதினீங்க? அப்ப நான் ஆரு?"

அழித்த வரிகளைத் திரும்பப் போட்டு, மேலே "கிண்ணியாவில் ஒருவர் பாவிக்கிறார்" என்று குறிப்பும் எழுதிவிட்டேன்.

இன்னும் பத்துக் கருவிகளின் வரிகள் அழிக்கக் கிடக்கின்றன. உங்கள் கடையில் பழசு ஏதாவது இருந்தால் இப்போதே கீழே கருத்தில் சொல்லுங்கள். பிறகு மீனைக் காட்டி என்னிடம் நியாயம் கேட்க ஏலாது.