நான் ஐந்து போட்ட நால்வர்

மனநோய் வார்டில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும், எங்கே படித்தீர்கள் என்று கேட்பார்கள். ஆம்பூரில், ஒரு டேனரியில் என்று சொல்வேன். சிரித்துவிட்டு, நிஜமாகச் சொல்லுங்கள் என்பார்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். பயிற்சி, சான்றிதழ் எல்லாம் எனக்குப் பிறகுதான் வந்தன. ஐம்பதுகளில் வேலூர்ப் பக்கம் அந்த வேலைக்கு வந்தவர்களில் அதற்கென்றே படித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் எல்லோரும் வேறெங்கோ வேறொரு தொழில் பார்த்துவிட்டு, அங்கே பழகிய கண்ணையும் கையையும் அப்படியே கொண்டுவந்தவர்கள். அதனால் நன்மையும் நடந்தது, கேடும் நடந்தது. நான் கொண்டுவந்த கண்ணால் நடந்த கேட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். இத்தனை வருஷத்தில் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

டேனரியில் எட்டு வருஷம் தோல் தரம் பிரித்தேன். பதனிட்டு உலர்ந்த தோல்கள் கட்டுக் கட்டாக வரும். வடக்குப் பார்த்த ஜன்னலுக்கு அடியில் நீள மேஜை. எதிரில் நிற்பவர் தோலை விரிப்பார், நான் பார்ப்பேன். உண்ணி கடித்த தடம், மாட்டுக்குச் சூடு போட்ட தழும்பு, உரிக்கும்போது கத்தி பட்ட ஓட்டை, இவை எங்கே, எத்தனை என்று கண் ஓடும். உள்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு நம்பர் போடுவேன். ஒன்று என்றால் சீமைக்குக் கப்பல் ஏறும். ஐந்து என்றால் ரிஜெக்ட். ஒரு தோலுக்கு மூன்று மூச்சு நேரம்கூட ஆகாது. நம்பர் போட்ட தோலை மறுபடி எடுத்துப் பார்ப்பது எங்கள் கூட்டத்தில் பெரிய அவமானம். கண் அவிஞ்சுபோச்சா என்று ஒரு வாரத்துக்குக் கிண்டல் பண்ணுவார்கள். நான் ஒரு தோலைக்கூட இரண்டாம் முறை எடுத்ததில்லை. அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு.

என் அண்ணனுக்குப் புத்தி கலங்கியபோது எல்லாம் மாறிப் போயிற்று. வேலூருக்கு வெளியே மலையடிவாரத்தில், தர்ம ஆஸ்பத்திரி ஒன்றில் புதிதாக இருபது கட்டிலோடு மனநோய் வார்டு ஆரம்பித்திருந்தார்கள். நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அண்ணனோடு நான் தங்கினேன். ஐந்து மாதத்தில் அண்ணன் தேறி, நாட்றம்பள்ளிக்குத் திரும்பி மளிகைக் கடையில் பழையபடி உட்கார்ந்தார். நான் திரும்பவில்லை. அந்த ஐந்து மாதத்தில் மற்ற நோயாளிகளையும் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, வாசலைத் தாண்டி ஓடுகிறவர்களைப் பிடித்து வந்து எனக்குப் பழகிவிட்டது. டாக்டர் கூப்பிட்டு, "நீ இங்கேயே வேலைக்கு இருந்துடேன்" என்றார். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. தோல் நாற்றம் இல்லாத ஒரு வேலை கிடைத்ததே என்று உடனே சரி என்றுவிட்டேன்.

டாக்டர் யுத்த காலத்தில் பர்மா எல்லையில் ராணுவ டாக்டராக இருந்தவர். கூடாரத்துக்குக் காயம்பட்டவர்கள் வந்து இறங்க இறங்க, இவன் பிழைப்பான், இவன் காத்திருக்கலாம், இவனை விட்டுவிடு என்று நின்ற இடத்தில் முடிவு செய்து பழகியவர். பிறகு மனநோய்க்கென்று வெளியூரில் ஒரு வருஷம் படித்தார். ஆனாலும் அந்தக் கூடாரம் அவரை விட்டுப் போகவில்லை. வார்டு சிஸ்டர் குஷ்டரோக ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர். என்னைவிட நாலு வயது சின்னவர். வாய் ஜாஸ்தி. எனக்கும் அவருக்கும் முதல் நாளிலிருந்தே ஆகாது.

எங்கள் வார்டு தேறக்கூடியவர்களுக்கு மட்டும்தான். தேறமாட்டார்கள் என்று தோன்றுகிறவர்களை ஒரு பகல் ரயில் தூரத்தில் இருந்த வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடுவார்கள். ஒருநாள் டாக்டர் என்னிடம், "பகல் பூரா நீதான் அவங்க கூட இருக்கே. யார் தேறுவாங்க, யார் தேறமாட்டாங்கன்னு ஒரு நோட்டுல எழுதிக் குடு" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. எட்டாங்கிளாஸ் படித்தவனிடம் ஒரு டாக்டர் அபிப்பிராயம் கேட்கிறார்! அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு வார்டை ஒரு சுற்றுச் சுற்றினேன். பேசமாட்டார். படுக்கையில் மூத்திரம் போகிறார். அடிக்கக் கைநீட்டுகிறார். துணி தரிப்பதில்லை. கண் தானாகவே ஓடியது. காப்பி வருவதற்குள் இருபது பேருக்கும் நம்பர் போட்டு முடித்துவிட்டேன். நான்கு பேருக்கு ஐந்து.

டாக்டர் அந்த நான்கு பேரையும் ஒரு லிஸ்டில் எழுதி, அந்தப் பெரிய ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லி அனுப்பினார். இரண்டு வாரத்தில் வண்டி வரும் என்று பதில் வந்தது.

அந்த நால்வரில் ஒருவர் நெமிலிப் பக்கத்து விவசாயி. நாற்பது வயது இருக்கும். ஒரு வருஷமாக வாய் திறக்கவில்லை. காலையில் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் உட்கார வைத்தால் பொழுது சாயும்வரை அதே இடம், அதே பார்வை. மனைவிதான் கூட இருந்தார். பிள்ளைகளைத் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்து, புருஷனுக்கு மூன்று வேளையும் உருண்டை பிடித்து ஊட்டுவார். லிஸ்ட் போன மறுநாள் அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். முந்தானையில் வேகவைத்த வேர்க்கடலை. என் கையில் அள்ளிக் கொடுத்தார்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கே எழுதிக் குடுத்துட்டீங்களாமே சார். நல்லா இருக்கணும் நீங்க. அங்க போனா ஜல்தியா பேசிடுவாரு, இல்ல?"

வாயில் போட்ட கடலையை என்னால் விழுங்க முடியவில்லை. அந்த அம்மா பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். அங்கேயும் மரத்தடி இருக்குமா, தனக்குச் சமைத்துக்கொள்ள அடுப்பு கிடைக்குமா என்றெல்லாம் கேட்டார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அங்க வூட்டு ஆளுங்கள கூட இருக்க உடமாட்டாங்கம்மா. இங்கேர்ந்து அனுப்புனவங்க யாரும் திரும்பி வந்து நான் பாக்கல."

அந்த அம்மா முகம் அப்படியே நின்றுவிட்டது. "அப்ப ஏன் சார் எழுதினீங்க?"

கத்தியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். தெரியாமல் கேட்கிறவர் மாதிரிக் கேட்டார். ஏன் எழுதினேன்? அந்த அம்மாவின் புருஷனை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. மூன்று மூச்சு நேரம் பார்த்தேன், நம்பர் போட்டேன், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தது.

நேராக டாக்டர் அறைக்குப் போனேன். "அந்த நெமிலி ஆள நான் தப்பா எழுதிட்டேன் சார். லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுங்க."

"நேத்து தேறமாட்டார்னு எழுதினே. இன்னிக்கு தேறுவாரா?"

"தேறுவாரான்னு தெரியாது சார். நான் ஒழுங்கா பாக்கல. அதான் விஷயம்."

அவர் என் நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். "நம்பர் போட்டிருந்ததப் பாத்தேன். டேனரி பழக்கம்னு புரிஞ்சுது. நானும் அத நம்பி எழுதிட்டேன், எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு." நோட்டை மூடிவிட்டு, "உன் அண்ணனை இங்க கொண்டாந்து எறக்கின அன்னிக்கு, அவர் உனக்கு யாரோவா இருந்திருந்தா என்ன நம்பர் போட்டிருப்பே?" என்றார்.

அண்ணனை மாட்டு வண்டியில் கயிற்றால் கட்டித்தான் கொண்டுவந்தோம். என் கையைக் கடித்த தடம் இன்னும் இருக்கிறது. "அஞ்சு சார்" என்றேன்.

அதற்காக டாக்டர் இளகிவிடவில்லை. "வண்டி வர்றதுக்குப் பதிமூணு நாள் இருக்கு. அதுக்குள்ள அவர் தன் கையால சாப்பிடணும். இல்லேன்னா லிஸ்ட் லிஸ்ட்தான்."

அன்றைக்கே ஆரம்பித்தேன். சாப்பிட வைத்தே தீருவது என்று ஒரு வெறி. தட்டை முன்னால் வைத்து, கையில் சோற்றை வைத்து, விரல்களை மடக்கி, வாய் வரைக்கும் தூக்கிக்கொண்டு போவேன். விட்டால் கை தொப்பென்று மடியில் விழும். நான்கு நாள் இதே கூத்து. ஐந்தாம் நாள், ஊட்டுகிறதால்தான் அவர் தானாகச் சாப்பிடவில்லை என்று எனக்கு ஒரு யோசனை. ஊட்டக்கூடாது என்று அந்த அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மத்தியானம் ஆகியும் அவர் ஒரு பருக்கை உண்ணவில்லை. அந்த அம்மா தூணுக்குப் பின்னால் நின்று அழுதார். சிஸ்டர் வந்து என் கையிலிருந்து தட்டைப் பிடுங்கினார்.

"இன்னா பண்றீங்க நீங்க? பட்டினி போட்டா கை தானா வந்துடுமா?"

"இன்னும் எட்டு நாள்தான் இருக்கு சிஸ்டர். உங்களுக்கு இன்னா தெரியும்?"

"உங்க நோட்டப் பாத்தேன். அவரால இது முடியல, அது முடியலன்னு அரைப் பக்கம். இன்னா முடியும்னு ஒரு வரி இருக்குதா? எங்க குஷ்ட வார்டுல, போன விரல எண்ணிக்கினு உக்காந்திருந்தா ஒருத்தருக்கும் சோறு கெடையாது. மிச்சம் இருக்கிற ரெண்டு விரல்ல ஸ்பூனக் கட்டி உடுவோம். நீங்க இன்னும் ஓட்டையவே தேடிக்கினு இருக்கீங்க." தட்டை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு போய் மரத்தடியில் உட்கார்ந்தேன். சாயங்காலம்வரை யோசித்ததில், சிஸ்டர் சொன்னதில் மறுத்துப் பேச எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. மறுநாள் காலையில் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினேன். நெமிலிக்காரர் என்ன செய்கிறாரோ அதை மட்டும் எழுதுவது, வேறு எதையும் எழுதுவதில்லை.

முதல் நாள் இரண்டே வரி. ஈ வந்தால் கண்ணை மூடுகிறார். பெருக்குகிறவர் வந்தால் காலை மடக்கிக்கொள்கிறார். மறுநாள் ஆறு வரி. மனைவி எழுந்து போனால் அந்தப் பக்கம் தலை லேசாகத் திரும்புகிறது. ராத்திரி, கட்டிலுக்குப் பக்கத்து மேஜை ஓரத்தில் இருந்த டம்ளரை உள்ளே தள்ளி வைத்தார். எனக்கே ஆச்சரியம். இவை எல்லாம் தினமும் நடந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன. ஓட்டை, தழும்பு தவிர வேறெதையும் பார்த்தறியாத கண்ணுக்கு அவை தெரியவில்லை, அவ்வளவுதான்.

எட்டாம் நாள் இன்னொன்றைக் கவனித்தேன். வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் சமையல்கட்டுக்கான கத்தரித் தோட்டம். கிணற்றுத் தண்ணீர் ஒரு சின்ன வாய்க்காலில் ஓடும். தண்ணீர் சத்தம் வந்தால் அவர் கால்விரல்கள் மண்ணைக் கிண்டின. மறுநாளிலிருந்து அவரை வாய்க்கால் கரையிலேயே உட்கார வைத்தேன். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதினோராம் நாள் காலையில் கரை ஒரு இடத்தில் உடைந்து தண்ணீர் வீணாகப் போயிற்று. நான் எழுந்திருப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். குதிகாலால் சேற்றை இழுத்து உடைப்பில் தள்ளி, பாதத்தால் இரண்டு மிதி மிதித்தார். தண்ணீர் பாத்திக்குத் திரும்பியது. அது போய்ச் சேருகிற வரைக்கும் நின்று பார்த்தார்.

ஓடிப்போய் அந்த அம்மாவைக் கூட்டிவந்தேன். "வூட்லயும் காலாலதான் சார் மடை கட்டுவாரு. மம்முட்டிய எடுக்கவே மாட்டாரு" என்று சொல்லிக்கொண்டே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாவும் அழுதார், நானும் அழுதேன்.

ஆனால் சோறு? பதிமூன்றாம் நாள் டாக்டர் வந்து நின்றார். தட்டை முன்னால் வைத்தோம். நெமிலிக்காரர் தொடவே இல்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் ஆயிற்று. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் நோட்டை அவர் கையில் திணித்தேன். மூன்று பக்கத்துக்கு மேல் இருந்தது. வெயிலில் நின்றபடியே ஒரு வரி விடாமல் படித்தார்.

"சாப்பிடலையே" என்றார்.

"சாப்பிடல சார். ஆனா இவர அனுப்புறதா இருந்தா அதே வண்டியில நானும் ஏறிடுவேன். அங்க போய் மரத்தடில உக்காந்து எழுதுவேன்."

டாக்டர் பையிலிருந்து லிஸ்டை எடுத்து, பென்சிலால் ஒரு பெயரை அடித்தார். அந்த நெமிலிக்காரர் ஒரு மாதம் கழித்துத் தன் கையால் சாப்பிட்டார். அடுத்த தை மாதம் மனைவியோடு பஸ் ஏறி ஊருக்குப் போனார். ஒரு நாளைக்கு நாலு வார்த்தைதான் பேசுவார், ஆனால் நிலத்து வேலை எல்லாம் செய்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

டாக்டர் பெயரை அடித்த மறுநாள் வண்டி வந்தது. நான் ஜெயித்தவன் மாதிரி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மூன்று பேரைக் கூட்டிவந்தார்கள். ஒருவர் ஏறிவிட்டார். இரண்டாமவர் படியில் கால் வைத்தவர், திரும்பி, பின்னால் தடுமாறிய மூன்றாமவருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். பிறகு உள்ளே உட்கார்ந்து அவருடைய துணி மூட்டையையும் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அது என் நோட்டில் இல்லை. அந்த மூவருக்கும் நான் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. அதே நோட்டு, அதே மத்தியானம், அதே ஐந்து. பதிமூன்று நாள் ஒருவருக்காக முட்டி மோதினேனே, மற்ற மூன்று பேரும் என் கையெழுத்தால்தான் போகிறார்கள் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. அவர்களோடு தங்கியிருந்த வீட்டு ஆட்கள் முதல் மாதமே ஏதேதோ சாக்குச் சொல்லிக் கிளம்பிவிட்டிருந்தார்கள். எனக்குக் கடலை கொடுக்க அவர்களுக்கு யாரும் இல்லை. நிறுத்துங்கள் என்று கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தவில்லை. வண்டி போய்விட்டது. என் வாழ்க்கையில் நான் மிகவும் வெறுக்கிற நிமிஷம் அதுதான்.

டாக்டரிடம் போய், இனிமேல் தேறுவார் தேறமாட்டார் என்று எந்தக் காகிதத்திலும் எழுதமாட்டேன், வேலையை விட்டு நிறுத்தினாலும் சரி என்றேன். அவர் நிறுத்தவில்லை. ஒரு வாரம் லீவு கேட்டேன், எதற்கு என்று கேட்காமலே கொடுத்தார். அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயிலில் போய்வந்தேன். மூவரில் இருவரைத் திரும்பக் கொண்டுவர முடிந்தது. ஒருவர் அங்கேயே இறந்துபோனார்.

முதல் தடவை போனபோது அந்தப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஒரு குமாஸ்தா ரிஜிஸ்தரோடு உட்கார்ந்திருந்தார். மூன்று பெயரையும் சொன்னேன். ஏடுகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த மூணு பேரையும் பாக்க இதுவரைக்கும் யாரும் வந்ததில்லையே. மூணு பேரும் வேற வேற ஊர், வேற வேற ஜாதி. நீங்க என்ன உறவுன்னு போடறது?" என்றார்.

"அனுப்பினவன்னு போடுங்க" என்றேன்.