திம்மப்பன் பெயரில் ஒரு சாவு

மாதேஸ்வரிக்குப் போச்சம்பள்ளி தொழிற்பேட்டையில் வேலை. செருப்புக் கம்பெனியில் அடிப்பாகத்துக்குப் பசை தடவுகிற பிரிவு. அதற்கு முன்னால் கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக்கூழ் ஆலையில் பருவத்துக்குப் பருவம் கூலிக்குப் போனாள். அதற்கும் முன்னால் பிறத்தியார் நிலத்தில் களையெடுப்பு. எட்டாம் வகுப்புவரை அவளும் நானும் ஒரே பெஞ்சு. பிறகு நான் படிப்பைப் பிடித்துக்கொண்டு கடல் தாண்டி வந்துவிட்டேன். அவள் அங்கேயே இருந்துவிட்டாள். இருந்தாலும் போன் பேச்சு விட்டுப்போகவில்லை. இங்கே எழுதுவதெல்லாம் அவளும் அவள் மகளும் தனித்தனியாகச் சொன்னது.

அவள் புருஷன் முனிவேல் கம்பெனி பஸ் ஓட்டினான். ஷிப்டுக்கு ஊர் ஊராகப் போய்ப் பெண்களை ஏற்றி வருவது வேலை. வாயாடி. ஒரே பெண் அனுப்ரியா. பள்ளியில் மற்ற பிள்ளைகள் ஊட்டி, கொடைக்கானல் என்று பஸ் ஏறிய நாள்களில் எல்லாம் வீட்டில் இருந்து பாத்திரம் துலக்கியவள். அவள்தான் அரசாங்க உதவித்தொகையில் தைவானுக்கு மேல்படிப்புக்குப் போனாள்.

படிப்பு முடிந்தது. ஊர் திரும்புவதற்கு முன் வகுப்புக்காரர்கள் ஏழெட்டுப் பேர், வியட்நாம் பெண், இந்தோனேசியப் பையன் என்று கலந்து, ரயிலில் தீவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள்.

"போயிட்டு வரட்டுமாம்மா? அங்க வந்துட்டன்னா அப்புறம் கல்யாணம் கில்யாணம்னு உக்கார வெச்சிடுவீங்க" என்று கேட்டாள்.

முனிவேல்தான் போனைப் பிடுங்கிக்கொண்டான். "போயிட்டு வாடி. எங்க ரெண்டு பேரு பங்கையும் சேத்துப் பாத்துட்டு வா."

அவள் அனுப்பிய முதல் நாள் படங்களை அவன் பஸ்ஸில் ஏறிய பெண்களிடம் எல்லாம் காட்டினான். மறுநாள் காலை குந்தாரப்பள்ளி தாண்டி வரும்போது பஸ்ஸை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டியரிங் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்தான். யாரோ ஓடி வருகிறார்கள், அவர்களுக்காகத்தான் நிறுத்தியிருக்கிறான் என்று பின்னால் இருந்தவர்கள் நினைத்தார்கள். அப்படியே நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசிச் சிரித்துக்கொண்டும் இருந்தார்களாம். யாரும் ஓடி வரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை.

உச்சிப் பொழுதுக்குள் உடம்பு வீட்டுக்கு வந்துவிட்டது. பந்தல் போடுகிற சந்தடியில் முனிவேலின் அண்ணன் வெங்கடசாமி சத்தமாகச் சொன்னார்: "பாப்பாவுக்கு யாரும் போன் போடக் கூடாது."

"அப்பன் மொகத்த அவ பாக்க வேணாமா மாமா?" என்றாள் மாதேஸ்வரி.

"பாக்கணும்தான். சொன்னா மட்டும் நாளைக்கே வந்துடுவாளா? எங்கியோ மலையிலயும் கடலோரத்துலயும் சுத்திக்கினு இருக்கறா. பாஷை தெரியாத சனம். ஏரோப்ளேன்ல ஒத்தையா அழுதுகினு வருவாளா? நடுவுல எதனா பண்ணிக்கினா நீ என்னா பண்ணுவ?"

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. வெளியூரில் இருக்கிறவர்களுக்குச் சாவுச் செய்தியைச் சாவுச் செய்தியாகச் சொல்வதில்லை. சென்னையில் இருந்தால் "சீரியஸா இருக்குது, கெளம்பி வா" என்பார்கள். கடல் தாண்டி இருந்தால் அதுவும் இல்லை. வந்து இறங்கியபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மாதேஸ்வரி பிடிவாதம் பிடித்திருக்கலாம். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு சொல் அவளைப் பிடித்துக்கொண்டது: ஒத்தையா அழுதுகினு. கூட ஒருத்தரும் இல்லாமல் வானத்தில் அழுதுகொண்டு வரும் மகளை நினைத்துப் பார்த்தாள். சுற்றிப் பார்ப்பதும் அவளுக்கு வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. முடித்துக்கொண்டு வரட்டும் என்று ஒப்புக்கொண்டாள்.

அப்போது முனிவேலின் போன் அடித்தது. அது அவன் கூட்டாளி திம்மப்பனின் சட்டைப் பையில் இருந்தது. வீடியோ கால். திரையில் அனுப்ரியாவின் முகம்.

"எடுக்காத" என்றார் வெங்கடசாமி.

"எடுக்கலன்னா ஊரு பூரா போனப் போட்டுடுவா" என்று மாதேஸ்வரி போனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் ஓடினாள். திம்மப்பனும் கூடவே போனார். முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"அம்மா! கடலப் பாரு, கடலப் பாரு! அப்பா எங்க? அவரு போன நீ எதுக்கு வெச்சிருக்கற?"

"வெளிய போயிருக்காருடி."

அனுப்ரியா போனைக் காதருகே கொண்டுபோனாள். பின்னால் அவளுடைய கூட்டாளிகள் தண்ணீரில் கத்துவது கேட்டது. இந்தப் பக்கம் பறை கேட்டது. அந்தத் தெருவில் பிறந்த பிள்ளைக்குத் திருவிழா அடி எது, சாவு அடி எது என்று தெரியாமல் போகாது.

"யாரும்மா செத்துட்டாங்க?"

எதிரே நின்ற திம்மப்பன் தன் நெஞ்சைத் தானே தட்டிக் காட்டினார். ஒரு தரம். அவளுக்குப் புரியவில்லை என்று இன்னொரு தரம்.

"நம்ம திம்மப்பன் அண்ணன்டி" என்றாள்.

சொன்னதும் வெடித்து அழுதாள். மகள் முன்னால் தன் புருஷனுக்காக அழ அவளுக்கு அப்படி ஒரு வழி கிடைத்தது. "எப்பிடி அழுதன் தெரியுமா? அவ பாக்கறா, பாக்கறான்னே அழுதன்" என்று என்னிடம் சொன்னாள். அனுப்ரியாவும் கடற்கரையில் உட்கார்ந்து அழுதாள். "ஐயோ, அப்பா தாங்கமாட்டாரேம்மா. ரெண்டு பேரும் ஒரு தட்டுல சாப்புட்டவங்களாச்சே. அவருகிட்ட நான் அப்புறம் பேசறன். இப்ப தொந்தரவு பண்ணாத."

அந்தப் பொய் எல்லாவற்றையும் மூடிவிட்டது. அம்மாவின் முகம் ஏன் வீங்கியிருக்கிறது, அப்பா ஏன் போனுக்கு வரவில்லை, எல்லாவற்றுக்கும் அதுவே காரணமானது. அன்று மாலை முனிவேலைப் புதைத்தார்கள். மகன் இல்லாததால் வெங்கடசாமியின் பையன் சடங்கு செய்தான்.

தெருப் பையன்கள் முனிவேலின் படத்தோடு கண்ணீர் அஞ்சலி என்று போனில் ஸ்டேட்டஸ் போட்டிருந்தார்கள். மாதேஸ்வரி வீடு வீடாகப் போய் எடுக்கச் சொன்னாள். முச்சந்தியில் கட்டிய பிளக்ஸை, படம் எடுத்து எவனாவது அனுப்பிவிடுவான் என்று, அவளே அவிழ்த்துச் சுருட்டினாள். புருஷன் செத்ததை ஊருக்குள் மறைத்துத் திரிந்த பெண்டாட்டி அவள் ஒருத்திதான் இருப்பாள். திம்மப்பனுக்கும் நிலைமை மோசம். டீக்கடைக்குப் போனால், "ஏய், காரியம் என்னிக்கி? சாப்பாடு எங்க?" என்று கேலி செய்தார்கள். அவர் சிரித்தார். பிறகு டீக்கடைக்குப் போவதையே விட்டுவிட்டார்.

அனுப்ரியா அப்பாவின் போனுக்குக் குரல் அனுப்பத் தொடங்கினாள். "அப்பா, திம்மப்பன் மாமாவ நெனச்சிக் குடிக்கப் போயிடாத. வண்டி ஓட்டறவரு நீ. வேளைக்குச் சாப்புடு." அவரைத் தேற்றுவதற்காக வீடியோக்களும் அனுப்பினாள். மலை ரயிலின் ஜன்னலில் தலையை நீட்டி, அப்பா பஸ்ஸை ஓரம் கட்டும்போது போடும் கூச்சலைப் போட்டாள். வியட்நாம்காரியோடு கைகோத்து மணலில் ஆடினாள். துக்கத்தில் இருக்கிற மனிதரைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று இருப்பதைவிடக் கூடுதலாகச் சிரித்தாள். மாதேஸ்வரி ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, அவன் வழக்கமாகப் போடும் கட்டைவிரல் படத்தைப் போட்டாள்.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. மனசு தாங்காமல் பக்கத்து வீட்டுச் சென்னம்மாவிடமும் காட்டினாள். சென்னம்மா இன்னொருத்தியிடம் சொன்னாள். "அப்பன் குழியில, மவ கடல்ல ஆட்டம்." மகளிடம் சொல்லக் கூடாது என்று அவ்வளவு பேரும் சேர்ந்து வாயைப் பொத்திக்கொண்டவர்கள்தான்.

பெங்களூர் விமான நிலையத்துக்கு வெங்கடசாமி கார் எடுத்துப் போவதாக ஏற்பாடு. அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று அத்திப்பள்ளியில் தொடங்கி, ஓசூரில் சீரியஸ் என்று சொல்லி, வீட்டுக்கு வருவதற்குள் மீதியைச் சொல்வது என்று பேசி வைத்திருந்தார்கள்.

அனுப்ரியா அதற்கு முந்தைய நாளே வந்துவிட்டாள். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அவளை அரித்திருக்கிறது. டிக்கெட்டை மாற்றிக்கொண்டு, கூட்டாளிகளை அலிசான் மலையில் விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள். ஓசூர், கிருஷ்ணகிரி என்று பஸ் மாறிப் போச்சம்பள்ளியில் இறங்கினாள். அப்பாவுக்குப் பிடிக்குமென்று அன்னாசிப் பழப் பாகு வைத்த கேக் ஒரு பெட்டி கையில்.

பஸ் நிலையத்துக்கு வெளியே மருந்துக் கடையில் திம்மப்பன் நின்றுகொண்டிருந்தார். மாதேஸ்வரிக்குத்தான் மாத்திரை வாங்க வந்திருந்தார். அனுப்ரியாவைப் பார்த்ததும் சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றாராம். செத்த மனிதர் வேறென்ன செய்வார்.

அனுப்ரியா கிட்டே வந்தாள். கத்தவில்லை.

"அப்ப யாரு மாமா?" என்றாள்.

அவர் திரும்பாமலே அவள் பெட்டிக்குக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. மறுபடியும் கேட்டாள். அவருக்கு வாயில் வீட்டுப் பாஷையான கன்னடம்தான் வந்தது, "பேடம்மா, கேள்பேட." வேண்டாம், கேட்காதே. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

வீட்டில் மாதேஸ்வரி வாசலில் நின்றாள். மகள் அவளைத் தாண்டி உள்ளே போய், அப்பாவின் போனை எடுத்து, தான் அனுப்பிய குரல்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டாள். வேளைக்குச் சாப்பிடு என்ற குரல் வந்தபோது, "இத யாரு கேட்டது?" என்றாள்.

"நான்தான்."

"கட்டைவெரல்?"

"அதுவும் நான்தாண்டி. நீ ஒத்தையா அழுவியேன்னு..."

"இப்ப மட்டும் யாரோட அழறன்?"

காரியம் முடிந்த கையோடு தைவானிலேயே வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். சண்டை என்று எதுவும் இல்லை. கோபம் தீர்ந்துவிட்டது என்றுதான் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறாள். ஆனால் முதலில் "போனத் திருப்பு" என்பாள். மாதேஸ்வரி போனைக் கையில் பிடித்துக்கொண்டு கூடம், சமையல்கட்டு, பின்பக்கம் என்று காட்ட வேண்டும். பிறகு திம்மப்பனைக் கூப்பிட்டுத் திரைக்கு முன்னால் நிறுத்த வேண்டும். பெரியப்பாவையும்.

எனக்கும் ஊரிலிருந்து "எல்லாரும் நல்லா இருக்கறோம்" என்று குரல் வரும்போது, பின்னால் என்ன சத்தம் என்று காது தானாகப் போகிறது. அனுப்ரியா அதை வாய்விட்டுக் கேட்கிறாள், அவ்வளவுதான்.

போன மாதம் மாதேஸ்வரிக்குக் காய்ச்சல் வந்தது. மறைக்கக் கூடாது என்று முதல் நாளே மகளிடம் சொல்லியிருக்கிறாள். வெறும் காய்ச்சல். இரண்டு ஊசியில் சரியாகிவிட்டது.

"நம்பவே மாட்டேங்கிறாடி. காய்ச்சல்னு வாயத் தொறந்து சொல்றன்னா உள்ள வேற என்னாமோ பெருசா இருக்குதாம். டாக்டருகிட்டயே பேசணும்கறா. டாக்டரு பேசனாரு. அவருக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தனாம்."

அவளுக்குப் பின்னால் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. "ஷிப்டுக்கு நேரமாச்சி" என்று வைத்துவிட்டாள்.