ஊதாவாகக் கசிந்த வெள்ளைக் கார்

ஸ்வர்ணா பரவைக்கு வந்து சேர்ந்தபோது காலை ஆறு மணிகூட ஆகவில்லை. வண்டியூரிலிருந்து மதுரையைக் குறுக்காகக் கடந்து ஸ்கூட்டரில் வந்திருந்தாள். கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் பீய்ச்சும் மெஷின், பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய இரண்டு வாளிகள், தோளில் ஒரு பெரிய பை. வாசலில் காத்திருந்த விருமாண்டி அவளைப் பார்த்தார். பிறகு, அவளுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று தெருமுனையைப் பார்த்தார்.

"கார் கழுவுற ஆளு எங்கம்மா?"

"நாந்தாண்ணே."

விருமாண்டி பரவை மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவர். வெங்காய மூட்டையோடு மூட்டையாக லோடு ஆட்டோவிலேயே இத்தனை காலமும் போய் வந்தவர், அறுபதை நெருங்கும்போது முதல்முறையாகக் கார் வாங்கியிருந்தார். வெள்ளை நிறம். வந்து ஐந்து நாள் ஆகியும் சீட்டில் இருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை, மார்க்கெட்டுக்கும் எடுத்துப் போகவில்லை. தெருக்காரர்கள் பக்கத்தில் வந்தால், "தள்ளி நின்னு பாருங்கப்பா" என்பார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் திவ்யாதான் ஸ்வர்ணாவைப் பற்றி யாரிடமோ கேட்டு, போனிலேயே பேசி ஏற்பாடு செய்திருந்தாள்.

"புது வண்டியில என்னம்மா அழுக்கு இருக்கப்போகுது? எம்மக சொல்லிட்டாளேன்னு சரின்னேன். மேலாப்ல தண்ணிய ஊத்தித் தொடச்சிட்டுப் போயிரு."

ஸ்வர்ணா சிரித்துக்கொண்டே பையைத் திறந்தாள்.

அவள் வேதியியல் படித்தவள். ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வகத்தில் பதினான்கு வருடம் உதவியாளராக இருந்தாள். செய்முறை வகுப்பு நாட்களில் அமிலக் குப்பிகளையும் உப்புகளையும் வரிசையாக எடுத்து வைப்பது அவள் வேலை. ஆசிரியர் ஒரு சொட்டு விட்டதும் குழாய்க்குள் நிறம் மாறும், பிள்ளைகள் 'ஆ'வென்று கத்துவார்கள். அந்தச் சத்தம் உள்ளறையில் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருக்கும் அவள் காதில் விழும். கையில் சோப்பு நுரையோடு கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பாள். எத்தனை முறை பார்த்தாலும் அவளுக்கு அது சலிக்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் அறிவியல் பிரிவையே மூடிவிட்டபோது ஆய்வகத்தைப் பூட்டினார்கள். அவளுக்கும் வேலை போனது.

அவள் கணவர் கோகுல்நாத் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவர். ஒருநாள் அவருடைய முதலாளியின் காரை விளையாட்டாகக் கழுவிக் கொடுத்தாள். முதலாளி காரைச் சுற்றி இரண்டு முறை நடந்துவிட்டு, "இது என் வண்டியா?" என்று கேட்டார். அன்று ஆரம்பித்தது. இந்த மூன்று வருடத்தில் எத்தனையோ வீட்டு வாசல்களில் நின்றுவிட்டாள்.

முதலில் காரெங்கும் நுரை அடித்தாள். ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். பஞ்சு போன்ற கையுறையைச் சோப்பில் முக்கித் தேய்ப்பாள், வெறும் தண்ணீரில் அலசுவாள், மறுபடி சோப்பில் முக்குவாள். தேய்க்கும் துணியில் ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் பெயின்ட்டில் கீறல் விழும் என்றாள். விருமாண்டி ஒவ்வொரு அசைவையும் பார்த்தபடி கூடவே சுற்றி வந்தார். கழுவி முடித்ததும் கார் பளபளத்தது.

"அம்புட்டுதானே?" என்றார்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லண்ணே. பானட்டைத் தடவிப் பாருங்க."

தடவினார். வழுவழுவென்று இருந்தது. ஸ்வர்ணா ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை நீட்டினாள். "இப்ப இதைக் கையில மாட்டிக்கிட்டுத் தடவுங்க."

விருமாண்டி அப்படியே செய்தார். கை பாதியில் நின்றது. மறுபடி தடவினார்.

"ஏ முத்துத்தாயி, இங்க வா! ரவையக் கொட்டி வச்ச மாதிரில்ல இருக்கு!"

அவர் மனைவி முத்துத்தாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அதே பையை மாட்டிக்கொண்டு தடவினாள். "ஆத்தாடி, ஆமா! வெறுங்கையில ஒண்ணுமே தெரியலையே!"

"எல்லாம் இரும்புத் தூளுதான்க்கா. பெயின்ட்டுல குத்தி நிக்கிது. சோப்புக்குப் போகாது" என்ற ஸ்வர்ணா, கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு ஒரு பாட்டிலை எடுத்தாள். தண்ணீர் மாதிரி நிறமில்லாத மருந்து. கூரையிலிருந்து கதவின் அடிப்பக்கம் வரை அடித்துக்கொண்டே வந்தாள். அழுகின முட்டை நாற்றம் வாசலை நிறைத்தது. முத்துத்தாய் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நிமிடம் போனது.

பிறகு பானட்டின் நடுவே ஒரு புள்ளி தோன்றியது. கத்தரிப்பூ நிறம். அதன் பக்கத்தில் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்து, நூறு, எண்ண முடியாத அளவு புள்ளிகள் வெள்ளைக்குள்ளிருந்து வெளியே வந்தன. ஒவ்வொன்றும் கரைந்து நீண்டு, கோடாகிக் கீழே வழிந்தது. கூரையிலிருந்து, கதவுகளிலிருந்து, பின்பக்கத்திலிருந்து ஊதா நிறம் ஒழுகித் தரையில் சொட்டியது. எதிர்வீட்டு மீனா கோலப்பொடிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

முதலில் கத்தியது முத்துத்தாய்தான். "ஐயோ, வண்டியெல்லாம் ரத்தம் கட்டுனாப்ல ஆகிப்போச்சே!"

"பெயின்ட்டைக் கரைச்சுட்டியேம்மா!" என்று விருமாண்டி துண்டால் துடைக்கப் பாய்ந்தார். ஸ்வர்ணா குறுக்கே வந்து நின்றாள்.

"துணி வைக்காதீங்கண்ணே! வச்சா கீறிரும். பெயின்ட் கரையல, இரும்புதான் கரையுது. நாலு நிமிஷம் பொறுங்க, தண்ணி அடிச்சா வெள்ளையா வந்துரும். வரலேன்னா என்னைய என்ன வேணாலும் கேளுங்க."

துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு அவர் நின்றார்.

நான்கு நிமிடம் கழித்து மெஷினை எடுத்து அழுத்தினாள். இரண்டு வீச்சுத் தண்ணீர் வந்தது. அதோடு சத்தம் நின்றுபோனது.

கரண்டு போய்விட்டது.

மோட்டார் ஓடாது. மாடித் தொட்டியை முந்தினநாள்தான் கழுவிக் காயவிட்டிருந்தார்கள். ஸ்வர்ணா நிமிர்ந்து பார்த்தாள். வெயில் எதிர்வீட்டு மாடியைத் தாண்டிக் காரின் கூரையைத் தொட்டிருந்தது. அவள் முகம் முதன்முறையாக மாறியது.

"அண்ணே, இது காயக் கூடாது. காஞ்சா கறை நின்னுரும். எங்கயிருந்தாவது தண்ணி வேணும், உடனே வேணும்."

விருமாண்டி ஒரு கணம் அவளைப் பார்த்தார், காரைப் பார்த்தார். தெருவுக்கு ஓடிவந்து உரக்கக் கூப்பிட்டார்: "மலையாண்டிண்ணே! மீனா! யாரு வீட்டுல தண்ணி இருந்தாலும் கொண்டாங்கப்பா, எவ்வளவு இருந்தாலும் கொண்டாங்க!"

நல்லவேளை, அன்று குழாயில் குடிதண்ணீர் வந்த நாள். எல்லார் வீட்டிலும் குடம் நிறைந்திருந்தது. மீனா இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக ஓடிவந்தாள். பக்கத்து வீட்டு மலையாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டாவோடு வந்தார். கூரையிலிருந்து ஊற்றச் சொன்னாள் ஸ்வர்ணா. ஆளுக்கொரு பக்கமாக ஊற்றினார்கள். பிளாஸ்டிக் குடம், எவர்சில்வர் குடம், ஒரு வீட்டிலிருந்து பித்தளைத் தவலைகூட வந்தது. தள்ளி நின்று பார்க்கச் சொல்லப்பட்ட அத்தனை பேரும் அந்தக் காரைத் தொட்டுக்கொண்டு நின்றார்கள்.

"அபிஷேகம்தான் போ" என்றார் யாரோ.

"போர் தண்ணியவிட இது நல்ல தண்ணிதாண்ணே, உப்புப் படியாது" என்றாள் ஸ்வர்ணா, ஊற்றுவதை நிறுத்தாமல்.

குடம் குடமாக விழ விழ, ஊதா வெளுத்துத் தெருச் சாக்கடைப் பக்கமாக ஓடியது. அடியிலிருந்து கார் மறுபடி வெளியே வந்தது. முன்பு இருந்த வெள்ளை வேறு, இது வேறு. இத்தனை நாள் அதன் மேல் ஏதோ மூடியிருந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது. விருமாண்டி காலிக் குடத்தை இறக்கி வைக்காமலே நின்றார்.

"இம்புட்டு இரும்பு எங்கிருந்து வந்துச்சும்மா? நேத்துத்தானே பொறந்த வண்டி?"

"கம்பெனியில இருந்து ரயில்ல வந்திருக்கும்ணே. சக்கரமும் தண்டவாளமும் உரசுறப்ப இரும்பு பொடியாப் பறக்கும். கண்ணுக்குத் தெரியாது. சூட்டோட வந்து ஒட்டிக்கிரும்."

மலையாண்டி அண்டாவைக் கீழே வைத்தார். அவர் தண்டவாளம் பராமரிக்கும் வேலையில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர்.

"பிரேக் போட்டா பொறி பறக்கும், பாத்திருக்கேன். எம் பனியன்லயெல்லாம் மஞ்சப் புள்ளி விழும்மா. எம்புட்டுத் துவைச்சாலும் போகாது. கறைன்னு நெனச்சேன். அது இதுதானா?"

"அதேதாண்ணே இருக்கும்."

அவர் வீட்டுக்குள் போனார். பழைய பனியன் ஒன்றோடு திரும்பி வந்தார். ஸ்வர்ணா அதை ஒரு வாளியின் மேல் விரித்து மருந்தை அடித்தாள். எல்லாரும் குனிந்தார்கள். தோள்பட்டையில் முதல் புள்ளி ஊதாவாக எழுந்தது. பிறகு நெஞ்சில், பிறகு முதுகில். சற்று நேரத்தில் துணி முழுக்கக் கத்தரிப்பூ சிதறிக் கிடந்தது.

மலையாண்டி வாளியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "இத்தனையும் எம்மேலயா கெடந்துச்சு..."

"இது எப்படிம்மா நடக்குது?" என்று மீனா கேட்டாள். ஸ்வர்ணா சொன்னாள். மருந்து இரும்பைப் பிடித்துக்கொள்வதை, பிடித்ததும் நிறம் மாறுவதை, பெயின்ட்டில் இரும்பு இல்லாததால் அதை ஒன்றும் செய்யாமல் விடுவதை. முத்துத்தாய் துருப்பிடித்த அரிவாளைக் கொண்டுவந்தாள், அது ஊதாவாக அழுதது. எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்தார்கள், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று விருமாண்டி கேட்டார். துருப்பிடிக்காத மேல்படலம் உள்ளே இருக்கும் இரும்பை மூடிக் காப்பதைச் சொன்னாள். தெருவே வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தது. தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவளுக்கே அதுவரை தெரியாது.

அதற்குள் கரண்டு வந்துவிட்டது. மிச்ச வேலையை அமைதியாக முடித்தாள். வழுக்கும் சோப்புத் தண்ணீர் தெளித்து, மிச்சமிருந்த துகள்களை எடுக்க, களிமண் போன்ற ஒரு மென்மையான கட்டியால் காரெங்கும் தேய்த்தாள். ஈரத்தை ஒற்றி எடுத்தாள். பளபளப்பு மெழுகை வட்ட வட்டமாகப் பூசி, காயவிட்டுத் துடைத்தாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. பானட்டில் வேப்பமரமும் மின்கம்பியும் எதிர்வீட்டு மாடியும் தெளிவாகத் தெரிந்தன.

விருமாண்டி பிளாஸ்டிக் பையை மறுபடி மாட்டிக்கொண்டு, மெதுவாகத் தடவினார். கை எங்கும் நிற்காமல் கடைசி வரை போனது. பையைக் கழற்றி மலையாண்டியிடம் கொடுத்தார்.

"நீங்களும் பாருங்கண்ணே. தொட்டுப் பாருங்க."

மலையாண்டிக்குப் பின்னால் மீனா, அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். ஒருவர்கூட விடாமல் பையை வாங்கி மாட்டிப் பார்த்தார்கள்.

ஸ்வர்ணா சாமான்களைக் கட்டினாள். முத்துத்தாய் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அடுத்து கோச்சடையில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லியும் விடாமல், இலை போட்டு நாலு இட்லி வைத்தாள். அவள் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது, விருமாண்டி சீட்டு உறைகளைக் கிழித்து ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தார். மலையாண்டி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"மார்க்கெட் வரைக்கும் போய்ட்டு வாரோம்மா" என்றார் விருமாண்டி. "இதுக்கப்புறம் இத வீட்டுலயே வச்சிருந்தா நல்லாவா இருக்கு?"

கார் அவளைத் தாண்டி மெயின்ரோட்டில் ஏறியது. ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யாமல், அது கண்ணை விட்டு மறையும் வரை ஸ்வர்ணா பார்த்துக்கொண்டு நின்றாள்.