உமிக்கரி என்று நினைத்த கறுப்பு

அறுபதுகளின் தொடக்கம். அப்போது நாங்கள் திண்டிவனத்தில் குடியிருந்தோம். என் கணவரின் மேல் ஈறில், கடைவாய்ப் பல்லையொட்டிக் கறுப்பாக ஒரு திட்டு. எங்கள் வீட்டில் எல்லோரும் உமிக்கரியில்தான் பல் தேய்ப்போம். அதுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, "வாயக்கூட ஒழுங்கா கொப்புளிக்கத் தெரியாதா?" என்று மாதக்கணக்கில் அவரைத் திட்டியவள் நான். அவரும் ரத்தம் வரும்வரை விரலால் தேய்ப்பார்.

பிறகு அந்தப் பல் ஆட ஆரம்பித்தது. நானே நூல் கட்டி இழுக்கப் பார்த்தேன். அவர் அலறியதும் விட்டுவிட்டு, பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

டாக்டர் பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்துவிட்டார். அந்தக் கறுப்பைப் பார்த்ததும் ஈரப் பஞ்சால் துடைத்தார். மறுபடி துடைத்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. குறட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"இத நான் புடுங்க மாட்டேம்மா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆடற பல்லப் புடுங்கறதுக்கு இன்னாங்க பயம்?" என்று கேட்டே விட்டேன்.

"பல்லு சொத்தை இல்லம்மா. அதப் புடிச்சிக்கினு இருக்கிற எலும்பே கெட்டுப்போயிருக்கும்போல. இதுல யாரும் கை வைக்கக் கூடாது. ஜல்தியா விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ரயிலில் விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வலி தாங்காமல் அவர் கை வாய்க்கே போனது. "புடுங்கிப் போட்டுடறேன், உடுடி" என்று கெஞ்சினார். அவருடைய இரண்டு கைகளையும் என் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டே போனேன். பெட்டியில் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். வெட்கப்படுகிற நேரமா அது?

எக்ஸ்ரேயில் மேல் தாடை எலும்பு அரித்துப்போயிருந்தது. அங்கிருந்து மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். சதையைக் கொஞ்சம் எடுத்துச் சோதித்து, மிக அபூர்வமாக வரும் கரும்புற்றுநோய் என்றார்கள். ஒரு பக்கத்து மேல் தாடையையே வெட்டி எடுத்தார்கள். "உமிக்கரியாலயா வந்திச்சிங்க?" என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டேன். "இல்லம்மா. ஆனா கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார். நான் திட்டிக்கொண்டிருந்த மாதங்கள்தான் அந்தக் கொஞ்சம்.

அதன்பின் அவர் நான்கு வருடம் இருந்தார். கேப்பைக் கூழ்தான் சாப்பாடு. பேச்சு மூக்கால் வரும், எனக்கு மட்டும்தான் புரியும். அந்தப் பேச்சில் ஒருநாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

நான் மாதக்கணக்கில் திட்டிக்கொண்டிருந்த கறுப்பை, அந்தத் திண்டிவனத்து டாக்டர் ஒரு நிமிடம் நின்று துடைத்துப் பார்த்தார். அந்த ஒரு நிமிடம்தான் எங்களுக்கு நான்கு வருடமாகக் கிடைத்தது.