எட்டு மணி நேரச் சூப்

சிலோன் தேயிலைத் தோட்டத்தில் இன்னும் இருக்கும் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நெருப்பே இல்லாமல் வேகவைக்கும் சட்டி ஒன்று இங்கே என் அறையில் இருந்தது. தகர டப்பா ஒன்றின் உள்ளே கனமான பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி. ஆசிரமத்தில் உட்கார்ந்து கண்ணை மூடுவதற்காகவே அமெரிக்காவிலிருந்து வந்து, எங்கள் மாடியில் குடியிருந்த ஹெலன் அதைத் தன் பெட்டியில் கொண்டுவந்திருந்தாள். நம் கரண்ட் அதற்கு ஒத்துக்கொள்ளாது என்று செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் வேறு. காலையில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போனால், சாயங்காலம் வந்து சாப்பிடலாமாம். அதுவரை சட்டியை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன். யாரும் வேண்டாம், நீ வெளியே போகலாம் என்று சிரித்தாள். எனக்குப் போவதற்கு எங்கே இடம் இருக்கிறது என்று அவள் யோசிக்கவில்லை.

அந்த அறை எனக்குக் கிடைத்த கதையைச் சொன்னால்தான் இது புரியும். எழுபதுகளின் நடுவில் கப்பலேறி வந்த எங்களை மண்டபம் முகாமில் பதிந்து, ஆளுக்கொரு திசையில் அனுப்பினார்கள். சிலோனில் நம்மை இந்தியாக்காரர்கள் என்றார்கள். இங்கே வந்து இறங்கியதும் சிலோன்காரி ஆனேன். கணவர் வந்த இரண்டாம் வருடமே போய்ச் சேர்ந்தார். என்னையும் மகள் வசந்தியையும் நம்பி வீடு தர இந்த ஊரில் ஆளில்லை. செங்கம் ரோட்டில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருத்தர்தான், மாடியில் தங்க வரும் வெள்ளைக்காரர்களுக்குச் சமைத்துப் போட ஆள் வேண்டுமென்று, வாடகையில்லாமல் பின்னறையைக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை. "இந்த வூட்டுல கவிச்சி வாசம் வரக்கூடாது. வந்துது, அன்னிக்கே மூட்டைய கட்டிடணும்" என்றார். மூன்று வருடம் நல்லபடியாகத்தான் போனது. ஆனால் அந்த மூன்று வருடத்தில் என் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட அவர் வாங்கிக் குடித்ததில்லை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய்தான்.

ஹெலன் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டாள். கஞ்சி, ரசம், இட்லி எதுவும் இறங்கவில்லை. அவளுடைய தங்கை பார்சலில் அனுப்பிய புகையூட்டிய பன்றி சாசேஜ் டின் இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் போட்டு அம்மா செய்யும் கீரை சூப் வேண்டும் என்று குழந்தை மாதிரி அழுதாள். முடியவே முடியாது என்றேன், ஏன் என்று அவளுக்குப் புரியவைக்கத்தான் எனக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்றாள். அவள் போனால் எனக்கு வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் அறை இல்லை, வசந்தியின் பள்ளிக்கூடமும் அதோடு போயிற்று. சமைத்தாலும் மூட்டை, சமைக்காவிட்டாலும் மூட்டை. டீச்சரம்மா செங்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் நாளாகப் பார்த்து ஒத்துக்கொண்டேன். கிளம்பும்போது அவரே கொல்லை மரத்தில் முருங்கைக்கீரை ஒடித்து, "அந்தப் பொண்ணுக்கு எதனா சூப்பு மாதிரி வச்சிக் குடு, பாவம்" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கீரை, உருளைக்கிழங்கு, ஊறவைத்த பயறு, பூண்டு, மிளகு, வட்டம் வட்டமாக வெட்டிய சாசேஜ் எல்லாவற்றையும் சட்டியில் போட்டு ஸ்விட்சைத் தட்டினேன். நான் செய்த தப்பு எது என்று இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. துரை பங்களாவில் என் அப்பா குசினிக்காரர். அவர் சாசேஜ் பொரித்தால் பத்து நிமிடத்தில் வேலை முடியும், வாசனை புகைபோக்கி வழியாக மலைக்காற்றோடு போய்விடும். அந்தக் கணக்கில்தான் நானும் துணிந்திருந்தேன். இதுவோ நிதானமாக, விடாமல், எட்டு மணி நேரமும் வாசனையைக் கக்கும் சட்டி. அவசரப்படுத்தவும் முடியாது, பாதியில் நிறுத்தினால் பயறு கல்லாக நிற்கும். ஜன்னலைச் சாத்தினேன். ஈரச்சாக்கைக் கதவடியில் அடைத்தேன். சாம்பிராணி போட்டேன். பகலில் வோல்டேஜ் வேறு கம்மி, பல்பு செத்துச் செத்து எரிந்தது. புழுக்கத்தில், புகையில், அந்தச் சட்டிக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டத்து லயத்தின் வரிசை அறையிலும் இருந்திருக்கிறேன், முகாம் கொட்டகையிலும் இருந்திருக்கிறேன். அங்கெல்லாம் கதவை வெளியில் இருப்பவர்கள் சாத்தினார்கள். இங்கே நானே சாத்திக்கொண்டேன்.

மூன்றரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. சாயங்காலம் வரவேண்டிய டீச்சரம்மா முகூர்த்தச் சாப்பாடு முடிந்த கையோடு திரும்பியிருந்தார்.

"இன்னா சரோஜா, பகல்லயே கதவ சாத்திகினு இருக்க?" என்று உள்ளே தலையை நீட்டி, மூக்கை உறிஞ்சினார். "முருங்கக்கீர, பூண்டு, மிளகு... இன்னாமோ பொகை வாசமும் வருது. அவங்க ஊரு மூலிகையா?"

பிறந்ததிலிருந்து சைவம். பன்றி இறைச்சி எப்படி மணக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் தலையாட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஒரு மாசமா இந்தச் சளி ஆள வுட மாட்டேங்குது. இரு, டம்ளர் எடுத்துகினு வரேன். எனக்கும் கொஞ்சம் ஊத்து."

மூன்று வருடமாக நான் காத்திருந்த வார்த்தை அது. அது வந்த நேரத்தைப் பாருங்கள். அவர் முன்கட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் ஹெலன் படியில் பாதி இறங்கி வந்து, தான் கற்ற தமிழில், "கொடு சரோஜா, கொடு! நிறைய இருக்கு! அம்மாவுக்கு ரொம்ப நல்லது!" என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள். ஊற்றிக் கொடுத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அறை தங்கும். இனி என் கையால் எல்லாமே வாங்கிச் சாப்பிடுவார். டீச்சரம்மா வெள்ளி டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றார். கரண்டியைக்கூட எடுத்துவிட்டேன்.

"வேணாங்கம்மா."

"ஏன், அவளுக்குப் பத்தாதா?"

"அதுல பன்னி எறச்சி இருக்குங்க."

டம்ளர் மெதுவாக இறங்கியது. அவர் கத்தியிருந்தால் தேவலாம். "நீ துன்னியா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லீங்க. உப்புகூடப் பாக்கல."

உண்மைதான். பங்களாவில் என் அப்பா மாட்டையும் பன்றியையும் வாயில் வைக்காமலே சமைத்தவர். ஆவியை முகர்ந்து உப்பு சொல்லுவார். நானும் அப்படியே பழகியவள். டீச்சரம்மா அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. "மொதல்ல அத எடுத்துகினு போ. மலை பாக்காத எடத்துல கொட்டிட்டு வா. மத்தத அப்பறம் பேசிக்கலாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஹெலன் ஒன்றும் புரியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இந்த ஊரில் மலைதான் சாமி. சட்டியைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். புளியமரத்தடியில் நின்றேன், இலைகளுக்கு நடுவே மலை தெரிந்தது. சத்திரத்து மதிலுக்குப் பின்னால் போனேன், மதிலுக்கு மேலே உச்சி தெரிந்தது. ஏரிக்கரையில் இறங்கினால் தண்ணீரிலும் அது கிடந்தது. அந்த அம்மாள் என்னைத் துரத்துவதற்கு நேரடியாகச் சொல்லாமல் இப்படி ஒரு வேலை வைத்திருக்கிறாரோ என்று அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கரையில் மலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். எதிரே தெற்கு. அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருந்தால் கடல், கடலுக்கு அப்பால் நீங்கள். மூடியைத் திறந்தேன். வந்த ஆவியில் அப்பாவின் குசினிச் சட்டை மணத்தது. கையாலேயே அள்ளிச் சாப்பிட்டேன். உப்பு கம்மி. கீரை மட்டும் நன்றாக வெந்திருந்தது. கடைசிச் சொட்டு வரை சாப்பிட்டேன், அழுதுகொண்டே.

திரும்பி வந்தபோது டீச்சரம்மா கொல்லையில் கிணற்று நீரை வாளியில் வைத்துக்கொண்டு நின்றார். துரத்தப் போகிறவர் தண்ணீர் இறைத்து வைக்க மாட்டார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது.

"எங்க கொட்டன?"

"மலை பாக்காத எடத்துலதாங்கம்மா."

அவர் மேலே கேட்கவில்லை. உட்காரச் சொல்லி, தீட்டுக் கழிய, சேலையோடு என் தலையில் வாளியைக் கவிழ்த்தார். "போ, உள்ள போய் தொடச்சிக்கோ" என்றார். தோல் முழுக்கச் சில்லிட்டு, அந்த வீட்டுக்கு ஆனவளாக எழுந்து நின்றேன். தொண்டைக்குக் கீழே மட்டும் இன்னும் சூடாக இருந்தது.