மேசையைக் குத்திப் படித்த ஆங்கிலம்

நேற்று வங்கிக்குப் போன் செய்தேன். பதிவுசெய்த பெண்குரல் ஒன்று 'அன்ஃபார்ச்சுனட்லி' என்று வழுக்கிக்கொண்டு போனது. ஐந்து அசையில் எங்கேயும் ஒரு குத்து இல்லை. எங்கள் குன்னூர் வாத்தியார் கேட்டிருந்தால் போனையே உடைத்திருப்பார்.

பச்சைத் தேயிலை விலை பாதாளத்துக்குப் போய், எங்கள் பேக்டரிக்குப் பூட்டுப் போட்ட சமயம். நான் ஆபீஸ் கிளார்க், சரோஜா பேக்கிங் பிரிவு. தேயிலை கைவிட்டால் என்ன, ஆங்கிலம் காப்பாற்றும் என்று யாரோ ஒரு புண்ணியவான் கிளப்பிவிட, இருவரும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தோம். கோயம்புத்தூர் கால் சென்டரில் வேலை கிடைத்தால், சரோஜா சம்பளம் அனுப்பி, வீட்டார் இங்கேயே எஸ்டேட் லைன் வீட்டில் இருந்துகொள்ளலாம். கிடைக்காவிட்டால் குடும்பத்தோடு திருப்பூர் பனியன் கம்பெனிதான்.

வாத்தியார் பக்கத்து வெலிங்டன் ராணுவ முகாமில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நீளமான சொல்லாகப் பொறுக்கி, அசை அசையாக வெட்டுவார். அழுத்தம் விழும் அசைக்கு மேசையில் ஒரு குத்து. அன்ஃபார்ச்சுனட்லியா, அன்-ஃபார், டொம். இன்டெஃபினிட்லியா, இன்-டெஃப், டொம். முன்னால் எதை ஒட்டினாலும் குத்து இடம் மாறாது என்பது அவருடைய வேதம். எல்லோரும் சேர்ந்து குத்தியதில் கீழே இருந்த பேக்கரிக்காரர் மேலேறி வந்தார். "ஏனுங்க சார், இங்கிலீஷ் சொல்லித் தர்றீங்களா, செவுத்த இடிக்கறீங்களா?"

இன்டர்வியூவில் சரோஜாவை முதலில் கூப்பிட்டார்கள். பழைய வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டார்களாம். துரதிர்ஷ்டவசமாக, காலவரையின்றி மூடிவிட்டார்கள் என்பதைச் சுத்தமான ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். இரண்டு சொல்லுக்கும் மேசையில் குத்து, சரியான அசையில். இரண்டாவது குத்தில், எதிரே இருந்த அம்மாளின் மடியில் காபி கொட்டிவிட்டது. இவ்வளவு கோபக்காரப் பெண் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவாள் என்று அவர்களுக்குப் பெரிய கவலையாகிவிட்டது. பேக்டரி மூடியதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெளியே வந்தவள், "ஏனுங்க, கையத் தொடைக்கு அடியில வெச்சு உக்காந்துக்கங்க" என்றாள். அப்படியே உட்கார்ந்தேன். வேலை எனக்குக் கிடைத்தது. என் ஆங்கிலம் அவள் ஆங்கிலத்தில் பாதிக்குக்கூடத் தேறாது.

அந்த மாதமே சரோஜா குடும்பத்தோடு திருப்பூருக்குக் கிளம்பினாள். பஸ்ஸின் கூரையில் பாத்திர மூட்டையை ஏற்றிவிட்டு, "உங்களுக்காச்சும் கெடச்சுதுங்களே" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அடுத்தடுத்து ஒவ்வொரு குடும்பமாக அந்த லைனே காலியானது. இப்போது அங்கே சொகுசு விடுதி. எஸ்டேட் வாழ்க்கையை அனுபவிக்க வாருங்கள் என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். அனுபவித்தவர்கள் ஒருவரும் அங்கே இல்லை.